நாடித் துடிப்பைக் காகிதத்தில் படித்த டாக்டர் மஹோமெட்



சென்ற காலாண்டில் நம் சங்கக் கூடத்தில் நடந்த பி.பி., சர்க்கரை பரிசோதனை முகாமுக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். நானும் வரிசையில் நின்று கையை நீட்டினேன். மேல் எண் 164, கீழ் எண் 72 என்று வந்தது. எனக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நகரப் பார்த்தேன். நர்ஸம்மா விடவில்லை. பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார். இரண்டு எண்தான் குறைந்திருந்தது.

மறுநாள் போய்ப் பார்த்த டாக்டர், இந்த வயதில் மேல் எண் மட்டும் ஏறி, கீழ் எண் ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் ரத்தக் குழாய் விறைத்துக்கொண்டு வருகிறது என்று விளக்கி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தக் குழாய் விறைக்குமா? அதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வணிகவியல் படித்தவனுக்கு இதெல்லாம் புதிது. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பிரெடரிக் அக்பர் மஹோமெட். முகமது என்ற பெயரைத்தான் அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் அப்படி எழுதினார்கள். லண்டன் டாக்டர், ஆனால் பாட்டனார் பாட்னாக்காரர். அவருடைய கதையை உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டனாரிடமிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அவர் பேரனைவிடப் பிரபலம். சேக் தீன் மஹோமெட் 1759இல் பாட்னாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு சுற்றி, பிறகு அயர்லாந்து போய், 1794இல் தன் பயணங்களை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான். 1810இல் லண்டனில் ஓர் இந்திய உணவுக்கடை திறந்தார். லண்டனில் இந்தியர் நடத்திய முதல் கடை. இரண்டே ஆண்டில் கடன் ஏறித் திவாலானது. (வங்கியில் இருந்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு ஒரு பெருமூச்சு. நல்ல யோசனை, நடைமுறை மூலதனம் போதாது.) மனிதர் சளைக்கவில்லை. கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் போய் ஆவிக்குளியல், உடம்பு பிடித்துவிடுதல் என்று ஒரு குளியல் நிலையம் ஆரம்பித்தார். நாம் இன்று தலைக்குப் போடும் ஷாம்பு என்ற சொல், வடநாட்டில் உடம்பு பிடித்துவிடும் சம்பியிலிருந்து வந்தது. இரண்டு ஆங்கிலேய மன்னர்களுக்கு அவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்.

அவருடைய மகன் பிரைட்டனில் கத்திச் சண்டையும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுக்கும் கூடம் நடத்தினார். அந்த மகனின் மகன்தான் நம் கதாநாயகர். 1849 ஏப்ரலில் பிறந்தார். தாத்தா 1851இல் காலமானபோது பேரனுக்கு இரண்டு வயதுகூட முழுசாக ஆகியிருக்கவில்லை.

பிரைட்டன் மருத்துவமனையில் ஆரம்பப் பயிற்சி முடித்து, 1869இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனைக்கு மாணவராகப் போனார். கய்ஸ் என்பது அன்று சாதாரண இடமில்லை. சிறுநீரக நோயை உலகத்துக்கு விளக்கிய ரிச்சர்ட் பிரைட் வேலை பார்த்த இடம். சிறுநீரில் புரதம் கழிந்து, உடம்பு வீங்கி, சிறுநீரகம் கெட்டுப்போகும் அந்த நோய்க்கே பிரைட் நோய் என்றுதான் அன்று பெயர். அந்த நோயாளிகள் இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் இதயம் பெருத்திருப்பதை பிரைட்டே கவனித்து எழுதியிருந்தார். சிறுநீரகம் கெடுவதால்தான் இதயம் கெடுகிறது என்று அன்றைய டாக்டர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது நாடிக்கு வருவோம். நம் ஊர் சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய டாக்டர்களும் விரலால்தான் பார்த்தார்கள். கடினமான நாடி, மென்மையான நாடி என்று குறிப்பும் எழுதினார்கள். ஆனால் ஒருவர் விரலுக்குத் தெரிவதை இன்னொருவருக்கு எப்படிக் காட்டுவது? 1860இல் பிரெஞ்சுக்காரர் மாரே ஒரு கருவி செய்தார். மணிக்கட்டு நாடியின் மேல் தந்தத்தால் ஆன ஒரு சிறிய பட்டை. அதோடு இணைந்த நீண்ட நெம்புகோல். நாடி ஒரு நூலளவு எழும்பினால் நெம்புகோலின் முனை பல மடங்கு எழும்பும். புகைக்கரி பூசிய காகிதத்தை ஒரு கடிகார இயந்திரம் நகர்த்திக்கொண்டே போக, அந்த முனை கரியில் கோடு கீறும். நாடி தன் கையெழுத்தைத் தானே போடுகிற மாதிரி.

ஆனால் அதில் ஒரு குறை. பட்டையை எவ்வளவு அழுத்தி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோடு மாறிவிடும். இன்று ஒரு டாக்டர் கீறியதையும் நாளை இன்னொருவர் கீறியதையும் ஒப்பிட முடியாது. அளவுகோல் இல்லாத கணக்கு அது. கய்ஸில் மாணவராக இருந்த மஹோமெட் இதில்தான் கை வைத்தார். நாடியின் மேல் கொடுக்கும் அழுத்தத்தை அவுன்ஸ் கணக்கில் கூட்டவும் குறைக்கவும் படிக்கவும் முடிகிற மாதிரி ஒரு முகப்பை அதில் சேர்த்தார். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் கோடு எண்ணாகிவிட்டது. எவ்வளவு அழுத்தினால் கோடு நன்றாக விழுகிறதோ அதை வைத்து உள்ளே ரத்தத்தின் அழுத்தம் எவ்வளவு என்று ஒரு மதிப்பீடும் கிடைத்தது. 1871இல் மாணவர் சங்கத்தின் பரிசு இதற்காகக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 23ஆம் வயதில், மருத்துவப் பத்திரிகையில் தொடர் கட்டுரைகளாக எழுதினார்.

அந்தக் கோடுகளில் அவர் என்ன பார்த்தார் என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். கரும்புத் தோட்டத்தில் மோட்டார் போடுகிறீர்கள். புது ரப்பர் டியூப் என்றால் தண்ணீர் தள்ளும்போது கொஞ்சம் உப்பி, பிறகு சுருங்கி, வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். அதே டியூப் நாலு கோடை வெயிலில் கிடந்தால் விறைத்துப்போய் உப்பாது. ஒவ்வொரு தள்ளலும் அதிரும், இணைப்பில் பீய்ச்சும், மோட்டாருக்கும் சுமை. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அந்த டியூப் மாதிரிதான். இளம் வயதில் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி, ரத்தத்தை முன்னால் தள்ளிவிடும். விறைத்த குழாயில் துடிப்பு அலை வேகமாக ஓடும். உடம்பின் கிளைகளில் மோதித் திரும்பும் எதிரலையும் சீக்கிரமாக வந்து, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் ஏறிக்கொள்ளும். மேல் எண் ஏறுவதும், கீழ் எண் அப்படியே இருப்பதும் அல்லது இறங்குவதும் இதனால்தான். என்னுடைய 164/72இன் கதை இதுவே.

மஹோமெட்டின் காகிதத்தில் இளைஞரின் நாடி கூர்மையாக ஏறி விரைவாக இறங்கியது. அழுத்தம் கூடியவரின் நாடியிலும் வயதானவரின் நாடியிலும் உச்சிக்குப் பிறகு கோடு இறங்காமல் தோள் மாதிரி தூக்கி நின்றது. எதிரலை என்ற விளக்கம் முழுமையாகப் பின்னால்தான் வந்தது என்றாலும், அந்தத் தோளைப் பிடித்து இதுதான் அடையாளம் என்று வரைந்து காட்டியவர் அவர்.

இனி அவருடைய முக்கியமான வேலைக்கு வருகிறேன். 1873 வாக்கில் லண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் உறைவிட மருத்துவரானார். அங்கே செங்காய்ச்சல் வந்த குழந்தைகள் நிறைய. அந்தக் காய்ச்சலுக்குப் பின் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெடும். எல்லா டாக்டர்களும் சிறுநீரில் புரதம் வருகிறதா என்று காத்திருந்தார்கள். இவர் தினமும் நாடியை வரைந்துகொண்டே வந்தார். புரதம் தெரிவதற்கு முன்பே நாடியில் அழுத்தம் ஏறிவிடுவதைக் கண்டார். 1874இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அதோடு நிற்கவில்லை. அழுத்தம் நிரந்தரமாக ஏறியிருந்தும், வேறு எந்தக் குறையும் இல்லாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு நடமாடுகிறவர்களைக் கண்டுபிடித்தார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, புரதம் இல்லை, வலி இல்லை. நாடிக் கோட்டில் மட்டும் அந்தத் தோள். இவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் இதயமோ மூளையோ சிறுநீரகமோ பழுதாகும் என்றார். அதாவது அழுத்தம்தான் முதலில், உறுப்பு கெடுவது பிறகு. எல்லோரும் படித்த பாடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார். அறிகுறியே காட்டாத ரத்தக் கொதிப்பு என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வதை, கையில் கட்டும் பி.பி. கருவி வருவதற்கு இருபது ஆண்டு முன்பே சொன்னவர் அவர்.

எனக்கு இந்த இடத்தைப் படித்தபோது என் அப்பாதான் நினைவுக்கு வந்தார். சங்கராபுரம் பக்கம் விவசாயம். ஒரு நாளும் படுத்தவர் இல்லை, ஒரு நாளும் பி.பி. பார்த்தவரும் இல்லை. 61 வயதில் கிணற்றடியில் விழுந்தார், ஒரு பக்கம் வரவே இல்லை. அவருடைய எண் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் கடைசிவரை தெரியாது.

மஹோமெட்டின் குடும்ப வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறேன். 1873இல் எல்லன் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு குழந்தைகள். 1876இல் எல்லன் இறந்துபோனார். 1879இல் அவருடைய சகோதரி ஏடாவை மறுமணம் செய்துகொண்டார். நம் பக்கம் இப்படி நடந்தால் பெரியவர்களே உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள், குழந்தைகளைச் சித்தியே பார்த்துக்கொள்ளட்டும் என்று. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் இறந்த மனைவியின் சகோதரியை மணப்பது சட்டப்படி செல்லாது. அந்தச் சட்டம் 1907 வரை இருந்தது. அதனால் அவர்கள் நாட்டுக்கு வெளியே போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

வேலையிலும் ஒரு மேடு ஏற வேண்டியிருந்தது. செயின்ட் மேரி மருத்துவமனையில் சில காலம் இருந்துவிட்டு 1877இல் கய்ஸுக்குப் பதிவாளராகத் திரும்பினார். ஆனால் அங்கே நிரந்தர மருத்துவர் பதவிக்குப் பெரிய பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். இத்தனை ஆராய்ச்சி செய்தவர், குழந்தைகளை வைத்துக்கொண்டு, மறுபடியும் மாணவராகக் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். பகலில் லண்டனில் நோயாளிகள், இரவில் ரயில் ஏறிக் கேம்பிரிட்ஜ். 1881இல் பட்டம் வாங்கினார், அதே ஆண்டு கய்ஸில் துணை மருத்துவரானார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பதவி உயர்வுத் தேர்வு எழுதியவர்கள் நம் குடியிருப்பில் நாலைந்து பேராவது இருக்கிறோம். நமக்கு இந்த ரயில் பயணத்தின் அருமை புரியும்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் பார்க்கும் நோயாளிகள் சில ஆயிரம்தான். நாடு முழுவதும் உள்ள டாக்டர்கள் ஒரே மாதிரி அட்டையில் குறித்து ஓர் இடத்துக்கு அனுப்பினால் எவ்வளவு தெரியவரும்! பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் மூலம் இதை நடத்திக் காட்டினார். நிமோனியா, மூட்டுக் காய்ச்சல், டிப்தீரியா போன்ற நோய்களுக்கு அட்டைகள் அச்சிட்டு அனுப்பப்பட்டன. முதல் தொகுப்பு 1883இல் வெளிவந்தது. கிளைகளிலிருந்து வரும் தினசரி அறிக்கைகளைத் தலைமை அலுவலகத்தில் ஒன்று சேர்க்கிற அதே வேலை. குடும்பத்தில் ஒவ்வொருவரின் உயரம், எடை, வந்த நோய்கள் எல்லாவற்றையும் பிறப்பிலிருந்து குறித்து வைக்க ஒரு பதிவேடும் இந்த முயற்சியிலிருந்தே பிறந்தது. அதைத் தொகுத்து 1884இல் வெளியிட்டவர் பிரான்சிஸ் கால்டன். அதே கால்டனோடு சேர்ந்து, காசநோய்க்காரர்களுக்கு என்று தனி முகவெட்டு உண்டா என்று நூற்றுக்கணக்கானவர்களின் புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் பார்த்திருக்கிறார். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. குடல்வால் நோய்க்குக் கத்தி வைத்துப் பார்க்கலாம் என்று அவர் யோசனை சொல்ல, கய்ஸின் அறுவை மருத்துவர் ஒருவர் 1883இல் குடல்வாலிலிருந்து கல்லை எடுத்தார். அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம்.

1884 நவம்பரில் டைஃபாய்டு காய்ச்சல் அவரைப் பிடித்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் அந்தக் கிருமியையே கண்டுபிடித்திருந்தார்கள். கேட்கும் மருந்து வர 1948 ஆக வேண்டியிருந்தது. நவம்பர் 22ஆம் தேதி இறந்தார். வயது 35. லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

அவர் கண்டுபிடித்ததற்கான பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். தான் பார்த்ததற்கு அவர் புதுப்பெயர் வைக்கவில்லை. அதையும் பிரைட் நோயின் முன்கட்டம் என்றே அழைத்தார். அதனால் படித்தவர்கள் அதைச் சிறுநீரக நோய்க் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வேறு டாக்டர்கள் தனிப் பெயரோடு இதையே விவரித்தபோது வரவு அவர்கள் கணக்கில் ஏறியது. 1896இல் இத்தாலியில் ரிவா-ரோச்சி கையில் கட்டும் பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்யாவில் கொரோட்கோவ் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு மேல், கீழ் என்று இரண்டு எண் எடுக்கும் முறையைச் சொன்னார். இரண்டு எண் கிடைத்துவிட்டால் யாருக்கு வேண்டும் கோடு? கரிக்காகிதக் கருவிகள் அலமாரிக்குப் போயின. அமெரிக்க ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் மட்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாலிசிக்கு முன் பி.பி. பார்க்க ஆரம்பித்தன. நன்றாக நடமாடுகிறவர்களுக்கும் அழுத்தம் இருந்தால் ஆயுள் குறைகிறது என்பது அவர்கள் கணக்குப் புத்தகத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. நஷ்டம் தன் பையிலிருந்து போகும்போது மனிதன் கூர்மையாகக் கவனிக்கிறான்!

அந்தக் கோடு நூறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. இப்போது கரிக்குப் பதில் கணினித் திரை. கழுத்திலிருந்து தொடைக்குத் துடிப்பு அலை எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளக்கிறார்கள். குழாய் விறைக்க விறைக்க வேகம் கூடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி விறைத்திருக்கிறது என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியில் 2013இல் எழுதிவிட்டார்கள்.

நம் சென்னையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் ஆர்ட்சென்ஸ் என்ற கருவியை உருவாக்கினார்கள். கழுத்தில் ஓடும் தமனியின் மேல் சின்ன அல்ட்ராசவுண்ட் முனையை வைத்தால், படம் எடுக்காமலேயே, குழாயின் இரண்டு சுவர்களிலிருந்தும் திரும்பும் எதிரொலியைக் கணக்கிட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் எவ்வளவு விரிகிறது என்று சொல்லிவிடும். ஸ்கேன் படித்த நிபுணர் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. 5,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்ததாக 2022இல் அறிவித்தார்கள்.

அதையும் தாண்டி, தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டையே வந்துவிட்டது. 2018இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் செய்த பட்டையின் கனம் 0.24 மில்லிமீட்டர். கழுத்தைத் திருப்பினாலும் கூடவே நீண்டு கொடுக்கும். உள்ளே வரிசையாக நுண்ணிய ஒலி அனுப்பிகள், தோலுக்கு அடியில் இருக்கும் தமனிச் சுவரின் அசைவை விடாமல் பின்தொடர்கின்றன. முதலில் கம்பி இணைப்பு தேவைப்பட்டது. 2023இல் கம்பி இல்லாமலேயே, ஆள் நடமாடும்போதும் 12 மணி நேரம் வரை அளக்கும் பட்டையைக் காட்டினார்கள். அந்தத் திரையில் ஓடும் கோட்டின் படத்தைப் பார்த்தேன். ஏறி, தோள் தூக்கி, இறங்குகிறது. மஹோமெட் கரிக்காகிதத்தில் எடுத்த அதே கோடு.

அந்தப் பட்டை நம் கள்ளக்குறிச்சி மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் நோயே இல்லை என்று நினைப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் அவருடைய வழி இங்கேயும் வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நம்மைப் போல லிஃப்ட் வைத்த கட்டடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர்களைத்தான் அவர்களால் சுலபமாகப் பார்க்க முடிவதில்லை. 2022 முதல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, பேருந்தில் போய்விடலாம்.

முகாமில் பயன்படுத்திய பி.பி. கருவி இப்போது சங்க அலுவலகத்தில்தான் இருக்கிறது. காலை 10 முதல் 11 வரை நான் அங்கே இருப்பேன். வருவதற்கு அரை மணி முன்பிலிருந்து காபி வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை மேசை மேல் வைத்து, இரண்டு முறை பார்ப்போம். உங்கள் வீட்டு எண்ணோடு இரண்டு அளவுகளையும் எழுதிக்கொள்ள ஒரு நீளநோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என்னுடையது இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம், இன்று காலை 142/70.